பந்தய வண்டிக் குதிரை மேல உங்க புள்ளைய ஏத்தாதீங்க

போன ஞாயித்துக்கிழமை ஆகாய கங்கை அருவி பார்த்துட்டுத் திரும்பின ஒரு குடும்பம், எங்க வேலியோரமா காரை நிறுத்துனாங்க. மேஞ்சுக்கிட்டிருந்த எங்க குதிரையைப் பார்த்துட்டு, "அண்ணா, பையனை ஏத்தி ஒரு ரவுண்டு விட எவ்வளவு?"ன்னு கேட்டார் அப்பாக்காரர். ஏத்தறதில்லைங்கன்னு சொன்னேன். ஐநூறு தர்றேன்னார். அப்பவும் இல்லைன்னேன். "ஊட்டியில, கொடைக்கானல்ல எல்லாம் ஏத்துறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன?"ன்னு கோவமா கேட்டுட்டுப் போயிட்டார். வண்டியில பொண்டு புள்ளைங்களை வச்சுக்கிட்டு அவர்கிட்ட விளக்கமா பேச முடியலை. அதை இங்க எழுதறேன்.

எங்க குதிரை ஒரு காலத்துல ரேக்ளா குதிரை. கீழ்நாட்டுல திருவிழாவுக்குத் திருவிழா குதிரை வண்டிப் பந்தயம் நடக்கும், பேப்பர்ல பார்த்திருப்பீங்க. பெரிய குதிரை, சின்னக் குதிரை, புதுக்குதிரைன்னு பிரிச்சு ரோட்டுல விடுவாங்க. கூடவே பத்து முப்பது பைக்கு, ஹாரன் அடிச்சுக்கிட்டு, கத்திக்கிட்டு. ஜெயிச்சா ஃப்ளெக்ஸ் பேனர், மாலை. முன்னங்கால் நரம்பு வீங்கிட்டா? வித்துருவாங்க. நான் வாங்கின விலை ஒரு நல்ல கறவை மாட்டு விலைகூட இல்லை. விக்கிறப்ப அந்த ஆளு சொன்ன வார்த்தை: "சவாரிக்கும் நல்லா ஆகும்ங்க." மினி லாரியில ஏத்தி எழுபது கொண்டை ஊசி வளைவும் மேல கொண்டு வந்தோம். வளைவுக்கு வளைவு நடுங்குச்சு பாவம்.

எதுக்கு மலையில குதிரைன்னு ஊர்ல கேலி பண்ணாங்க. சிறுமலையில இன்னிக்கும் குதிரை முதுகுலதான் வாழைத்தாரும் எலுமிச்சையும் இறங்குது. எங்க காட்டுக்கும் வண்டி வராது, மிளகு மூட்டை தலைச்சுமைதான். அதுக்காகத்தான் வாங்கினேன்.

வந்த நாலாம் நாளே என் மச்சான் மேல ஏறினான். தப்பு எம்மேலதான், நான்தான் ஏறுடான்னு சொன்னேன். குதிரை கிளம்புச்சு. பயந்துபோய் அவன் கடிவாளத்தை இழுத்தான். இழுக்க இழுக்க வேகம் கூடுச்சு. இன்னும் பலமா இழுத்தான், இன்னும் பிடிச்சுக்கிட்டு ஓடுச்சு. காப்பிச் செடிக்குள்ள போய் விழுந்ததுல அவனுக்குக் காறை எலும்பு உடைஞ்சுது.

ரொம்ப நாள் கழிச்சுத்தான் காரணம் விளங்குச்சு. எங்க குதிரையைப் பழக்கினவன் வண்டியில உக்காந்து கயித்தை விறைப்பாப் பிடிச்சுக்கிட்டேதான் ஓட்டியிருக்கான். நாலுகால் பாய்ச்சலுக்குப் போகவும் விடக்கூடாது, வேகமும் குறையக்கூடாது. வாயில இரும்பு இறுகுச்சுன்னா "ஓடு"ன்னு அர்த்தம்னு அதுக்குப் பதிஞ்சு போச்சு. அமெரிக்காவுல ஸ்டாண்டர்ட்பிரெட்னு ஒரு இனம், வண்டிப் பந்தயத்துக்குன்னே வளர்க்கறது. அங்கயும் இதே கதைதான், பாய்ச்சல் எடுத்துட்டா ஓட்டுறவர் அடக்கிப் பழைய நடைக்குக் கொண்டு வரணும். ஆனா பந்தயம் முடிஞ்ச குதிரைக்கு மறுபடி பாடம் சொல்லிக்கொடுத்து வீடு தேடிக் குடுக்க அங்க தனி அமைப்புங்களே இருக்கு. ஆமிஷ்காரங்க தங்களோட வண்டிக்கு வாங்கிக்குவாங்க. இங்க? நேத்து வண்டியில கட்டினதை இன்னிக்குச் சேணம் போட்டு நிறுத்திடறோம்.

அது முதுகுல அதுவரைக்கும் ஒரு துணி கூட ஏறினதில்லைங்க. மார்புப் பட்டையில இழுக்கறது ஒரு வேலை, முதுகுல சுமக்கறது வேற வேலை, சதையே வேற. கண்பட்டி கட்டியே வளர்ந்ததால பின்னாடி என்ன இருக்குன்னு அது பார்த்ததே இல்லை. கண்பட்டியைக் கழட்டின அன்னிக்கு என் நிழலைப் பார்த்தே மிரண்டுச்சு. ஏறினவன் குதிகாலால விலாவை அமுக்குனா அது என்ன சேதின்னு தெரியாது. ரெண்டு ஏர்க்காலுக்கு நடுவுல நேரா ஓடிப் பழகினது, உடம்பை வளைச்சுத் திரும்பவும் தெரியாது. இத்தனையும் தெரியாத ஒரு ஜீவன் மேல உங்க எட்டு வயசுப் பையனை ஏத்தி, கையில கடிவாளத்தைக் குடுத்து, போட்டோ எடுக்கறீங்க.

எட்டு மாசம் ஆச்சுங்க எங்களுக்கு. மொதல்ல நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கு இறக்கிக் கொண்டு போய் காலையும் பல்லையும் காட்டினோம். ரெண்டு மாசம் வேலையே குடுக்கலை, மேய்ச்சல் மட்டும். அப்புறம் கூடவே நடந்து நடந்து, "நில்லு"ன்னா நிக்கப் பழக்கினோம், கயித்தை இழுக்காம, வாய்ச்சொல்லுல. நின்னா கயித்தைத் தளர்த்துவோம், அதான் அதுக்குக் கூலி. பின்னாலயிருந்து நீளக் கயிறு பிடிச்சு மேட்டுலயும் பள்ளத்துலயும் நடத்தினோம். வெறும் சாக்கு, அப்புறம் உமி மூட்டை, அப்புறம் மிளகு. ஆறாம் மாசம் என் தங்கச்சி பையன், ஒல்லியான பையன், முதுகுல குறுக்கே சும்மா படுத்து எந்திரிச்சான். அவ்வளவுதான் அன்னிக்குப் பாடம். இப்ப அவன் ஏறினா நடக்கும், நிக்கும், திரும்பும். வேத்தாள் ஏறிப் பயந்து இழுத்தா? பழசு ஞாபகம் வராதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. அதான் ஐநூறு ரூபாய் வேண்டாம்னேன்.

எட்டு மாசத்துக்குக் கொள்ளு, தவிடு, லாடம் எல்லாம் காசு. பந்தயத்துல பேர் வாங்கினவர் அதுல ஒத்தைப் பைசா போடலை. பாரம்பரியம், வீரம்னு மைக்ல பேசறவங்களைத்தான் கேக்கறேன்: உங்க பாரம்பரியத்துல ஓடி முடிச்ச குதிரைக்கு இடம் எங்க இருக்கு? எங்க மலையை ஆண்ட வல்வில் ஓரி ஏறின குதிரைக்கும் ஓரின்னுதான் பேர், காரி குதிரைக்குக் காரின்னு பேர். தன் பேரைக் குதிரைக்கும் வச்சவங்க அவங்க. ஆடி பதினெட்டுக்கு செம்மேட்டுல ஓரிக்கு அரசு விழா எடுக்கறோம். எங்க குதிரைக்கு அந்தப் பந்தயக்காரர் பேர்கூட வைக்கலை.

எல்லாத்தையும் தடை பண்ணுன்னு ஃபேஸ்புக்ல எழுதற நண்பர்களுக்கும் ஒண்ணு. தடை போட்ட மறுநாள் அந்தக் குதிரைங்க எங்க போகும்? ஊட்டி ரோட்டுல சவாரிக் குதிரைங்க குப்பைத் தொட்டியில மேயுறதைப் பார்த்திருப்பீங்களே. சட்டம் ஏற்கெனவே இருக்குங்க. சுமை விலங்குகளுக்கான 1965 விதிப்படி மட்டக்குதிரை முதுகுச் சுமை எழுபது கிலோதான். நம்ம ஐடி தம்பிங்கள்ல எத்தனை பேர் எழுபதுக்குள்ள இருக்கீங்க? 2017 தை மாசம் மெரினாவுல காளைக்காக ராவும் பகலுமா உக்காந்தீங்க, நானும் டிவியில பார்த்துப் பெருமைப்பட்டேன். அதே மணல்ல நிக்கிற குதிரையைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்க. நெஞ்சுல, விலாவுல வெள்ளை முடி திட்டா முளைச்சிருந்தா அது பிறவி அழகுன்னு நினைக்காதீங்க, பட்டை அறுத்து ஆறின புண்ணாயும் இருக்கலாம். "இது முன்னாடி என்ன வேலை பாத்துச்சு, சவாரிக்கு எத்தனை மாசம் பழக்குனீங்க?"ன்னு கேளுங்க. பதில் சொல்லத் திணறினா புள்ளையை இறக்கிக்குங்க.

முந்தாநேத்து கீழேயிருந்து ஒருத்தர் போன் பண்ணார். இன்னொரு பந்தயக் குதிரை இருக்காம், கால் கொஞ்சம் சுகமில்லையாம், "சவாரிக்கு ஆகும், வாங்கிக்கிறீங்களா?" காசே தர வேண்டாம், குதிரையோட ஆறு மாசத் தீவனத்தையும் ஏத்தி அனுப்புங்க, வாரம் ஒரு நாள் நீங்களும் வந்து கூட நடங்க, பழக்கித் தர்றேன்னு சொன்னேன். அப்புறம் பேசறேன்னு வச்சுட்டார்.