பனிமலை பணக்காரருக்கு மட்டுந்தானா?

இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன், ஆனையூர்



எங்கள் ஆனையூரில் நான் பார்த்த பனியெல்லாம் மார்கழிக் காலையில் சைக்கிள் சீட்டில் படியும் ஈரமும், ஐஸ் வண்டிப் பெட்டிக்குள் கிடக்கும் கட்டியும்தான். ஏறிய மலை? அழகர்மலை, நூபுர கங்கை வரைக்கும். அதுவும் வேனில்! இவனெல்லாம் எவரெஸ்ட்டைப் பற்றி எழுத வந்துட்டானா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், ஆனால் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

விருதுநகர் மாவட்டம் ஜோகில்பட்டியைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி, இரண்டு பெண் குழந்தைகளின் தாய், 2023 மே 23ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியில் நின்றார். தமிழ்நாட்டிலிருந்து அங்கே ஏறிய முதல் பெண். 1984இல் இந்தியாவின் முதல் பெண்ணாக பச்சேந்திரி பால் ஏறியதும் இதே மே 23தான்! தேதி பொருந்தியது தற்செயல். மாதம் பொருந்தியது தற்செயல் இல்லை.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க நாம் வெயிலில் நெரிபடும் நாட்களில், அவர்கள் 5,364 மீட்டர் உயரத்து முகாமில் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். குளிர்காலம் முழுக்க அந்த உச்சியை அடித்துக்கொண்டே இருக்கும் மேல்வானக் காற்று, பருவமழைக்கு முன்னால் மே மாதத்தில் வடக்கே விலகும். கிடைப்பது சில நாட்கள்தான். பகல் வெயிலில் பனி இளகிக் காலை வாங்கும், இரவில் இறுகிக் கல்லாகும். அதனால் உச்சிக்குக் கிளம்புவதே ராத்திரியில்தான். உச்சியில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. தண்ணீர் 70 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அரிசி வேகாது! தெர்மல் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்து ஒப்பித்த அதே சங்கதிதான்.

சரி, காசு? எவரெஸ்ட் ஏற நேபாள அரசுக்குக் கட்ட வேண்டிய அனுமதிக் கட்டணம் மட்டும் 2025 செப்டம்பரிலிருந்து 15,000 டாலர். பதின்மூன்று லட்சத்துக்கும் மேல். எங்கப்பா மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தத் தொகையை நான் கணக்கில் போட்டுப் பார்க்கக்கூட இல்லை.

ஆனாலும் மாலாவத் பூர்ணா என்ற பெயர் என்னை விடவில்லை. இன்றைய தெலங்கானாவைச் சேர்ந்த பழங்குடிப் பெண், விவசாயக் கூலியின் மகள், அரசு உண்டு உறைவிடப் பள்ளி மாணவி. 2014 மே 25இல் எவரெஸ்ட் ஏறியபோது வயது 13 வருடம் 11 மாதம். முதல் பயிற்சி புவனகிரி பாறையில், நம்ம யானைமலை மாதிரி ஒரே கல். அவளை அனுப்பியது அவள் அப்பாவின் பணம் இல்லை. அந்தப் பள்ளிகளை நடத்தும் அரசு அமைப்பு.

இதை வீட்டில் சொன்னதற்கு அம்மா, "குரங்கணியில கருகிப்போன பிள்ளைகள மறந்துட்டியாடா? டிப்ளமோ முடிச்சு வேலைக்குப் போற வழியப் பாரு" என்றார். மறக்கவில்லை. 2018 மார்ச் 11இல் பிடித்த காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். பெரியாஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்கள் வந்ததைப் பற்றி எங்கள் தெருவே பேசியது. பயிற்சி எடுத்தால் சாவு வராது என்றும் அம்மாவிடம் பொய் சொல்ல முடியாது. 2022 அக்டோபரில் உத்தரகாசியில் பனிச்சரிவில் சிக்கி இறந்தவர்களில் பெரும்பாலோர் பயிற்சி மாணவர்களே. ஆனால் கயிறு கட்டவும், வானம் கறுத்தால் பாதியிலேயே திரும்பவும் யாராவது சொல்லிக் கொடுத்தால்தானே தெரியும்?

அதைச் சொல்லிக் கொடுக்கவே 1954இல் டார்ஜிலிங்கிலும், 1965இல் உத்தரகாசியிலும் மலையேற்றப் பயிற்சி நிலையங்கள் தொடங்கப்பட்டன. அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய நான்கு வாரம். பூட்ஸ், பனிக்கோடரி அங்கேயே தருகிறார்கள். எவரெஸ்ட் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு அதுவும் பெரிசுதான்.

நம் பேரவையின் வரவு செலவைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். ஆண்டு விழா மெல்லிசைக்கும் பந்தலுக்கும் எவ்வளவு? பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் முன்வரிசையில் ஆடியவன்தான்! அதில் ஒரு பகுதியை ஒதுக்கி, வருடத்துக்கு இரண்டு பேரை அந்தப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். ஒருவர் மாணவி. ஒருவர் வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவர். (எனக்காகவே கேட்கிறான் என்பீர்கள். என் பெயரை எடுத்துவிட்டே குலுக்கல் போடுங்கள்.)

வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஒருத்தர் வேணும். மதிய இடைவேளையில் லேத் ஷெட் வாசலில் இருப்பேன்.