எதிர்ப்பு சக்தி லேகியம் கொண்டு வராதீங்க!

எங்க சித்தப்பாவுக்குச் சிறுநீரகம் மாத்தி மூணு மாசம் ஆச்சு. கொடுத்தது சித்தி. பார்க்க வர்ற சொந்தக்காரங்க கையிலெல்லாம் ஒரு டப்பா. சீந்தில் பொடி, அமுக்கரா லேகியம், பேர் தெரியாத கஷாயம். "எதிர்ப்பு சக்தி கூடும், சாப்பிடச் சொல்லுப்பா!"

ஐயா, அது கூடக் கூடாதுன்னுதானே அவர் தினமும் நேரம் தவறாம டாக்ரோலிமஸ் முழுங்கறார்? சித்தி கொடுத்ததுன்னாலும் அவர் உடம்புக்கு அது அன்னியப் பொருள்தான். எதிர்ப்பு சக்தி அதைத்தான் தாக்கும். 1954-ல் பாஸ்டனில் முதல் வெற்றிகரமான மாற்று அறுவை நடந்தது உருவொத்த இரட்டையருக்குள்ளே. அதனால உடம்பு சண்டை போடலை. மத்தவங்களுக்கு மாத்திரைதான் காவல்.

அதே மாத்திரை கிருமிக்கும் கதவைத் திறந்து விடுது. முதல் ஆறு மாசம் ரொம்பவே ஜாக்கிரதை வேணும். முகக்கவசம், கை கழுவறது, கொதிச்சு ஆறின தண்ணி எல்லாம் அதுக்குத்தான். உங்களுக்கு இது "ஓவர்". இருமிக்கிட்டே வந்து கையைப் பிடிச்சு ஆறுதல் சொல்றீங்க! உங்களுக்கு ரெண்டு நாள் காய்ச்சல், அவருக்கு ஆஸ்பத்திரி.

"இயற்கைதானே, என்ன பண்ணிடும்?"னு கேட்பீங்க. பம்ப்ளிமாஸும் இயற்கைதான். அது ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏத்திவிடலாம். அளவு ஏறினா சிறுநீரகத்துக்கே கேடு. டாக்டரைக் கேக்காம எதுவும் வேண்டாம்.

நான் பி.காம். எனக்குத் தெரிஞ்ச கணக்கு இவ்வளவுதான்: சித்திகிட்ட இருந்தது ரெண்டு. ஒண்ணு கொடுத்தாச்சு. இன்னொரு தடவை கொடுக்க முடியாது.

பாசம் இருந்தா போன் பண்ணுங்க.