மோர் தெளிய வைக்குமா?

(இளம் அறிவியல், வேதியியல் – மூன்றாம் ஆண்டு)

வள்ளுவப் பெருந்தகை 'கள்ளுண்ணாமை' என்று தனி அதிகாரமே வகுத்துப் பத்துக் குறள் பாடினார். ஆனால் உண்டவன் மறுநாள் காலையில் என்ன மருந்து உண்ண வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அந்தக் குறையை நம் ஊர்த் திண்ணைகள் தீர்த்து வைத்துவிட்டன. "ஒரு சொம்பு மோர் குடி, தெளிஞ்சிடும்" என்பார் ஒருவர். "ரெண்டு இளநி வெட்டிக் குடு" என்பார் மற்றொருவர். "எலுமிச்சம்பழத்தைத் தலையில தேய்ச்சு நாலு குடம் தண்ணி ஊத்து" என்பார் மூன்றாமவர். மிளகு ரசம், இஞ்சிச் சாறு, பச்சை முட்டை, கடுங்காப்பி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

இதையெல்லாம் கல்லூரி மலரில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எழுதத்தான் வேண்டும் என்பது என் கருத்து. நம்மில் பலர் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். தந்தையோ அண்ணனோ இரவில் தள்ளாடி வந்து, காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு எழுவதைக் கண்டவர்கள் நம்மிடையே குறைவல்லர். அந்த வேளையில் அம்மா நம்மைப் பார்த்துத்தான் கேட்கிறார்: "நீ படிச்ச புள்ளையாச்சே, என்னப்பா குடுக்கலாம்?" வேதியியல் மாணவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்கு விடை கூற முயல்கிறேன்.

உடலுக்குள் நடப்பது என்ன?

மதுவில் இருக்கும் எத்தனாலில் பெரும்பகுதியைக் கல்லீரலே கையாளுகிறது. அங்குள்ள நொதிகள் அதை முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப் பொருளாகவும், பின்னர் அசிட்டேட்டாகவும் மாற்றுகின்றன. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் சுரப்பை மது அடக்கிவிடுவதால் உடலிலுள்ள நீர் வெளியேறுகிறது. அதனால்தான் நாக்கு வறள்கிறது, தாகம் எடுக்கிறது. இரைப்பையின் உட்சுவர் புண்படுவதால் குமட்டல் வருகிறது. வெறும் வயிற்றில் குடித்தவருக்குக் கல்லீரல் சர்க்கரை உண்டாக்கும் வேலையும் தடைப்பட்டு, கைகால் நடுக்கமும் சோர்வும் வரலாம். உறக்கமும் கெடுகிறது. இத்தனையும் சேர்ந்ததுதான் 'ஹேங்க்ஓவர்' என்று சொல்லப்படும் மறுநாள் துன்பம்.

அடுப்பங்கரை தருவது

நம் வீட்டு வைத்தியத்தை முற்றிலும் ஒதுக்கிவிட நான் ஒப்பமாட்டேன். உப்புப் போட்ட நீர்மோர், இழந்த நீரையும் உப்பையும் ஓரளவு ஈடு செய்கிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் அது ஆகாது. கஞ்சியும் நீராகாரமும் வயிற்றுக்கு இதமாக இறங்கி, சிறிது மாவுச்சத்தையும் தருகின்றன. உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாற்றின் பயனும் இத்தகையதே. இஞ்சி சிலருக்குக் குமட்டலைத் தணிக்கும்.

எல்லாமே அப்படியல்ல. பச்சை முட்டையால் பயனில்லை. கிருமித் தொற்றுக்கு இடமுண்டு. கடுங்காப்பி தூக்கத்தை விரட்டுமே தவிர மதுவை விரட்டாது. தலையில் தேய்த்த எலுமிச்சை தலையோடு நின்றுவிடும். "காலையில ஒரு கட்டிங் போட்டா சரியாயிடும்" என்பது எல்லாவற்றிலும் கெட்ட யோசனை. அது துன்பத்தைத் தள்ளிப்போட்டு, குடிக்கு அடிமையாகும் வழியைத் திறந்துவிடுகிறது. தலைவலி மாத்திரையிலும் எச்சரிக்கை வேண்டும். குடிப்பவரின் கல்லீரலுக்குப் பாராசிட்டமால் கெடுதல் செய்யக்கூடும். ஆஸ்பிரின் ஏற்கெனவே புண்பட்ட இரைப்பையை மேலும் புண்படுத்தும்.

மேலைநாட்டு ஆய்வாளர்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட தொகுப்பாய்வு, இத்துன்பத்தைத் தடுக்கவோ தீர்க்கவோ வல்லது என்று நம்பத்தக்க சான்றுள்ள மருந்து எதுவும் இல்லை என்று முடித்தது. 2022இல் வந்த மற்றொரு தொகுப்பாய்வு 21 சோதனைகளை எடுத்துக்கொண்டு, கிடைத்த சான்றுகள் மிகவும் தரம் குறைந்தவை என்றே கூறியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அப்படியானால் மோர் தெளிய வைக்குமா? வைக்காது. தாகத்தைத் தணிக்கும், அவ்வளவே. இரத்தத்தில் உள்ள மதுவை ஒரு துளியும் குறைக்காது. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் எத்தனாலைத்தான் எரிக்கிறது. மோரோ காப்பியோ குளிர்ந்த நீரோ அந்த வேகத்தைக் கூட்டிவிட முடியாது.

'குவார்ட்டர்' என்பது 180 மில்லி. அதில் 42.8 விழுக்காடு எத்தனால் என்றால் 77 மில்லி. எடையில் சுமார் 61 கிராம். இது தீர 6 முதல் 9 மணி நேரம் ஆகும். 'ஆஃப்' என்றால் 12 முதல் 17 மணி நேரம். இரவு ஒன்பது மணிக்கு அதைக் குடிக்கத் தொடங்கியவர் உடலில் மறுநாள் காலை ஒன்பது வரையிலாவது, சிலருக்குப் பிற்பகல் இரண்டு மணி வரையிலும், மது இருந்துகொண்டிருக்கும்.

இங்கேதான் என் அச்சம். காலை ஏழு மணிக்கு மோர் குடித்து, முகம் கழுவி, "தெளிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கிறார்கள். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்க வண்டி ஓட்டினால் குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு. சட்டம் கிடக்கட்டும். எதிரே மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் குழந்தை என்ன பாவம் செய்தது? மது முழுதும் இறங்கிய பிறகும்கூட, தலைவலியும் உறக்கக் குறைவும் உள்ளவருக்குக் கவனம் மந்தமாகவே இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தலைவலியா, நஞ்சா?

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. 2023 மே மாதம் விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் நச்சுச் சாராயத்தால் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரண்டுக்கும் காரணம் மெத்தனால். வாசனையில் எத்தனாலைப் போன்றதே. ஆனால் உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்றுவிடும், உயிரையும் குடித்துவிடும்.

அதன் அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே முற்றுகின்றன. தலைவலி, வாந்தி, வயிற்றுவலி என்று அவை தொடங்குவதால் பார்ப்பவருக்கு வழக்கமான மறுநாள் துன்பமாகவே தோன்றும். "மோர் குடுத்துப் படுக்க வை" என்று சொல்லும் அந்த வேளையில்தான் உயிர் கைநழுவுகிறது. பார்வை மங்கினாலோ, பனி மூடியதுபோல் தெரிந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, வயிற்றுவலி பொறுக்க முடியாமல் போனாலோ ஒரு நொடியும் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். இதற்கு மருத்துவமனையில் மாற்று மருந்து உண்டு. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் உண்டு. அடுப்பங்கரையில் எதுவும் இல்லை.

மற்றொன்று. எழுப்பியும் எழாதவரின் வாயில் மோரை ஊற்றுவது பல வீடுகளில் வழக்கம். அது நுரையீரலுக்குள் இறங்கி உயிரைப் போக்கிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

என் துணிபு

குடிக்காமலிருப்பதே இதற்கெல்லாம் சரியான வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நம் வீடுகளில் குடிப்பவர் ஒருவர், வைத்தியம் பார்ப்பவர் வேறொருவர். விடியுமுன் எழுந்து மோர் கடைபவரும், ரசம் கொதிக்க வைப்பவரும், வாந்தியைக் கழுவுபவரும் பெண்களே. அந்த அன்பை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்த அன்பின்மேல், அதனால் தாங்க முடியாத பொறுப்பைச் சுமத்தாதீர்கள் என்றே கேட்கிறேன்.

நண்பர்களே, நாளை உங்கள் அம்மா கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: "மோர் குடும்மா, கஞ்சி குடு, நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லு. வண்டிச் சாவிய மட்டும் வாங்கி வச்சுக்க. கண்ணு மங்குதுன்னு சொன்னா மோர்ச் சொம்பைக் கீழ வச்சிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடு."