கிடை நாய் ஏன் பைக்கைத் துரத்துது?

நெல் அறுப்பு முடிஞ்ச நேரத்துல உத்திரமேரூர் பக்கம் பைக்ல போயிருக்கீங்களா? குடவோலைக் கல்வெட்டைப் பார்க்கப் போற வழியில, வயல்ல ஆட்டுக் கிடை போட்டிருப்பாங்க. ராத்திரி ஆடுங்க போடுற புழுக்கைதான் நிலத்துக்கு எரு. ஓரமா ஒரு நாய் தேமேன்னு படுத்திருக்கும். நீங்க ஆக்ஸிலேட்டரை முறுக்கினா, அடுத்த செகண்ட் உங்க பின்சக்கரத்துக்கிட்ட நிக்கும்! 'வெறி நாய்டா'ன்னு கல்லைத் தேடுவோம். கொஞ்சம் பொறுங்க பாஸ், அது மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு பார்த்துட்டுத் திட்டலாம்.

எல்லா நாய்க்கும் முப்பாட்டன் ஓநாய்தான். ஓநாயோட வேட்டை ஒரு புரோகிராம் மாதிரி. பார், முறை, பதுங்கு, துரத்து, கவ்வு, கொல்லு. மனுஷன் தலைமுறை தலைமுறையா குட்டிகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்து, இந்த புரோகிராம்ல கை வெச்சுட்டான். இங்கிலாந்து - ஸ்காட்லாந்து எல்லையில உருவான பார்டர் கோலிக்கு முதல் நாலு வரி சூப்பரா ஓடும், கடைசி ரெண்டு வரி அடக்கம். அதனாலதான் முறைச்சே மந்தையை மடக்குது.

நம்ம கிடை நாய் வேற டிபார்ட்மென்ட். கோலி டிராஃபிக் போலீஸ்னா, இது வாட்ச்மேன். ஆட்டை ஓட்டுறது மேய்க்கிறவர் வேலை. நரி, தெருநாய், திருடன் நெருங்காம பார்த்துக்கிறது இதோட வேலை. காவல் நாய்களைப் பல வருஷம் ஆராய்ச்சி செய்த அமெரிக்கர் ரேமண்ட் காப்பிஞ்சர் சொல்ற விஷயம் சிம்பிள்: நல்ல காவல் நாய்க்கு ஆட்டைத் துரத்தவே தோணக்கூடாது. பிறந்து மூணு, நாலு மாசத்துக்குள்ள ஆடுங்களோடவே வளர்ந்தா, ஆடுதான் அதுக்குச் சொந்தபந்தம்.

இப்ப உங்க பைக்கை அது கண்ணால பாருங்க. முகம் தெரியாத ஆள், பெரிய சத்தம், சொந்தக்காரங்களை நோக்கி அசுர வேகம். குரைக்காம என்ன செய்யும்?

அதனால, கிடை கண்ணுல பட்டதுமே வேகத்தைக் குறைங்க. நாய் வந்துட்டா நிறுத்துங்க. ஓடாதீங்க, கண்ணைப் பார்த்து முறைக்காதீங்க, கல்லை எடுக்காதீங்க. 'அண்ணே, நாயைக் கூப்பிடுங்க'ன்னு ஒரு குரல் போதும். அப்படியும் பல் பட்டுட்டா, சின்னக் கீறலா இருந்தாலும் ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஊசி இலவசம். ரேபிஸ் வந்துட்டா ஆளைக் காப்பாத்துறது அநேகமா முடியாது, அலட்சியம் வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. 'செம க்யூட் மச்சி'ன்னு கிடையில இருந்து ஒரு குட்டியைத் தூக்கிட்டு வந்து ரூம்ல கட்டிப்போட ஆசையா? இல்ல, அபார்ட்மென்ட்டுக்கு ஒரு கோலி வாங்கலாம்னு ஐடியாவா? முதல்ல அதுக்கு என்ன வேலை தரப்போறீங்கன்னு யோசிங்க. காக்க மந்தை இல்லேன்னா அது வாட்ச்மேன், கூரியர் பையன், பக்கத்து வீட்டு மாமான்னு எல்லாரையும் நரி லிஸ்ட்ல சேர்க்கும். கோலியோ, விளையாடுற குழந்தைங்களையே ஆடா நினைச்சுக் குதிகாலைக் கவ்வும். அப்புறம் 'மோசமான நாய்'னு தெருவுல விட்டுடுவோம்.

அது மோசமான நாய் இல்லீங்க. வேலை கிடைக்காத பட்டதாரி. அந்த வலி நம்மளைவிட யாருக்குத் தெரியும்?