பெரிய தேளுக்குத்தான் விஷம் அதிகமா?

கேள்வி: "இரண்டு அடிக்கு மேல் நீளமான தேள் ஒரு காலத்தில் இருந்ததாகப் பிள்ளைகள் பள்ளியில் படித்துவிட்டு வந்து சொல்கிறார்கள். உண்மையா? அவ்வளவு பெரிய தேளுக்கு விஷமும் அதிகமாகத்தானே இருந்திருக்கும்?"
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: இருந்தது உண்மைதான். அதன் பெயர் 'பல்மோனோஸ்கார்பியஸ்'. மூச்சுவிடும் தேள் என்று பொருள். ஸ்காட்லாந்தில் பாத்கேட் என்ற ஊருக்கு அருகே, கிழக்கு கிர்க்டன் என்ற பழைய சுண்ணாம்புக்கல் குவாரியில் அதன் புதைபடிவங்கள் கிடைத்தன. ஆண்ட்ரூ ஜெராம் என்ற ஆய்வாளர் 1994-ம் ஆண்டில் அதற்குப் பெயர் சூட்டினார்.

அது வாழ்ந்து சுமார் 33 கோடி ஆண்டுகள் ஆகின்றன. டைனோசர்கள் தோன்றியதே அதற்குப் பிறகுதான். அன்றைக்கு ஸ்காட்லாந்து பூமத்திய ரேகைக்கு அருகே, வெப்பமான பகுதியில் இருந்தது. நன்றாக வளர்ந்த தேளின் நீளம் சுமார் 70 சென்டிமீட்டர். ஆனாலும், உடல்வாகு இன்றைய தேளைப் போன்றதே. அதே இடுக்கி, அதே கொடுக்கு, வயிற்றின் அடியில் புத்தகத் தாள்போல அடுக்கடுக்கான அதே நுரையீரல். கண்கள் மட்டும் இப்போதைய தேளைவிடப் பெரியவை.

இனி, விஷம். கல்லில் விஷம் தங்காது. நீளத்தை வைத்து விஷத்தைக் கணக்கிடவும் முடியாது. இன்றைய தேள்களே இதற்குச் சாட்சி. பருத்த இடுக்கி கொண்ட கரிய நட்டுவாக்காலி, இரையை நசுக்கியே பிடித்துவிடும். அது கொட்டினால் வலி உண்டு. உயிருக்கு ஆபத்து குறைவு. விரல் நீளமே உள்ள செந்தேளுக்கு இடுக்கி மெலிந்தது. அது விஷத்தையே நம்பி வாழ்கிறது. அந்த விஷம் இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும். குழந்தைகளுக்கு உயிராபத்து அதிகம்.

ஆகவே, 'சின்னத் தேள்தானே' என்று இருந்துவிடக் கூடாது. கொட்டிய இடத்தைக் கீறுவது, கயிறு கட்டுவது, மந்திரிப்பது எல்லாம் நேரத்தை வீணாக்கும். வாந்தி, கொட்டும் வியர்வை, கை கால் சில்லிடுதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். குழந்தையைக் கொட்டினால் இவற்றுக்காகக் காத்திருக்காமல், உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். 'பிரசோசின்' என்ற மாத்திரை பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. மகாராஷ்டிர மாநிலம் மகாட் ஊரின் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் இந்தச் சிகிச்சையைப் பரவலாக்கினார். அதை மருத்துவர்தான் கொடுக்க வேண்டும்.

வைக்கோல், விறகு, செங்கல் அடுக்கு ஆகியவற்றில் வெறுங்கையை விட வேண்டாம். செருப்பையும் உதறிவிட்டுப் போடுங்கள்.