வால்சக்கரத்தை ஏன் தூக்கிப் போட்டோம்?

"வால்சக்கர விமானமா? அதெல்லாம் தாத்தா காலத்து சமாச்சாரம் அங்கிள்." பைலட் பயிற்சிக்குக் கிளம்புற நம்ம வீட்டுப் பசங்க இப்படிச் சொல்லும்போது எரிச்சல்தான் வருது. பசங்களைச் சொல்லிக் குத்தமில்லை. பயிற்சிப் பள்ளி நடத்துறவங்க சொல்லிக் கொடுத்த பாட்டு அது.

தாத்தா காலம்னா எது? பெங்களூர் எச்.ஏ.எல்.லில் வி.எம். காட்கே தலைமையில் வடிவமைச்ச எச்.டி-2 பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் முதல் தடவையா பறந்தது. வால்சக்கரம்தான். 1958ல் அங்கேயே பிறந்த புஷ்பக்கும் அப்படித்தான். விமானப்படையும் பறக்கும் கிளப்புகளும் ஒரு தலைமுறை பைலட்டுகளையே இந்த ரெண்டு விமானங்களிலும் உருவாக்குச்சு. 1980களில் எச்.பி.டி-32 வந்தது, மூக்குச்சக்கரத்தோட. இன்னைக்குப் பள்ளிகளில் பெரும்பாலும் செஸ்னா, டயமண்ட். எல்லாம் மூக்குச்சக்கரம்.

வித்தியாசம் புரியணும்னா இங்கே அமெரிக்க சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியைப் பாருங்க. சுழலுற சக்கரம் முன்னாடி, திரும்பாத சக்கரம் பின்னாடி. நேராத் தள்ளினா ஒழுங்காப் போகும். அதையே திருப்பி, சுழலுற சக்கரம் பின்னால் வர்ற மாதிரி வேகமாத் தள்ளிவிட்டுப் பாருங்க (கடையில் யாரும் இல்லாதப்போ!). கொஞ்சம் கோணினாலும் போதும், சட்டுனு சுத்திக்கிட்டு நிக்கும். வால்சக்கர விமானமும் இதே கதைதான். எடையின் மையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னாடி இருக்கு. தரை தொட்டதும் பக்கக்காற்று மூக்கை லேசாத் திருப்பினா, பின்னாடி இருக்கிற எடை நேராவே போகப் பார்க்கும். கோணல் இன்னும் கூடும். வேகம் குறையக் குறைய ரட்டருக்குப் பிடிப்பும் குறையும். அந்த ரெண்டு மூணு நொடியில் கால் தூங்கினா கிரவுண்ட் லூப். இறக்கை நுனி தரையில் உரசும், சக்கரக் கால் மடங்கும். மூக்குச்சக்கர விமானம் தானாவே நேராகப் பார்க்கும். அதாவது பைலட்டோட சோம்பேறிக் காலை மன்னிச்சு விட்டுடும்.

"ஜெட் விமானத்துக்கு இது எதுக்கு?"ன்னு கேப்பாங்க. 2008 டிசம்பரில் டென்வரில் கான்டினென்டல் போயிங் 737 ஒண்ணு கிளம்புறப்போ பலமான பக்கக்காற்றில் ஓடுபாதையை விட்டு ஓடிச்சு. தேவைப்பட்ட வலது ரட்டரை கேப்டன் விட்டுட்டார்னு அமெரிக்க விசாரணை வாரியம் சொல்லிச்சு. அவர் அனுபவத்தை மீறின காற்றுன்னும் சேர்த்தே சொல்லிச்சு, அது நியாயம். ஆனா 737க்கு மூக்குச்சக்கரம் இருக்குங்க!

உண்மைக் காரணம் பணம். ஒரு கிரவுண்ட் லூப் ஆனா விமானம் மாசக்கணக்கில் ஷெட்டில் கிடக்கும், இன்சூரன்ஸ்காரன் முறைப்பான். அதை நேராச் சொல்லிட்டுப் போகட்டுமே. அதை விட்டுட்டு 'பழசு'ன்னு ஏன் பூசி மெழுகணும்? அமெரிக்காவில் வால்சக்கர விமானம் ஓட்ட 1991லிருந்து தனிப் பயிற்சியும் ஒப்புதலும் கேக்கறாங்க. அது ஒரு தனித் திறமைன்னு அங்கே ஒத்துக்கிட்டாங்க.

இந்தியாவில் வணிக பைலட் உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்கணும். அதில் பத்து மணி நேரம் வால்சக்கரத்தில் போகட்டும்னு நான் கேக்கறேன். லட்சக்கணக்கில் கட்டப் போற பெற்றோர்களே, ஹாஸ்டல் சாப்பாடு எப்படின்னு விசாரிக்கிறீங்க இல்லையா? அப்படியே இதையும் கேளுங்க: "உங்ககிட்ட வால்சக்கர விமானம் ஒண்ணாவது இருக்கா, அதை ஓட்டத் தெரிஞ்ச வாத்தியார் இருக்காரா?"