"நீங்க யாரு சார் இவருக்கு?"

ஆஸ்பத்திரி, பாங்கி, ரேஷன் கடை - எந்தக் கவுண்ட்டருக்குப் போனாலும் இந்தக் கேள்விதான். மனைவி என்றால் ஒரே வார்த்தையில் பதில். மகன் என்றாலும் அப்படித்தான். முப்பது வருஷம் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்து, ஒருவருக்கொருவர் துணையாக வாழ்ந்த இரண்டு ஆண்களில் ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் என்ன பதில் சொல்வார்?

"ஃபிரண்டு" என்பார். அல்லது "தம்பி முறை" என்று ஒரு பொய் சொல்வார். "சொந்தக்காரங்க யாராவது இருந்தா வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு குமாஸ்தா அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

ஆண்களை விரும்பும் ஆண்களைத்தான் சொல்கிறேன். தன்பாலீர்ப்பு என்று இப்போது எழுதுகிறார்கள். ஆண், பெண் இருவரிடமும் நாட்டம் உள்ளவர்கள் உண்டு, அது இருபாலீர்ப்பு. முகம் சுளிக்க வேண்டாம். பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில், ரிடையரான கணக்கராக அவர் உட்கார்ந்திருக்கலாம். வாலிபர்களைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். கிழவர்களைத்தான் கேட்பார் இல்லை.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். இன்று 70 வயதானவர் 1950-களில் பிறந்தவர். வெள்ளைக்காரன் 1860-ல் போட்ட 377-வது பிரிவு, அவருடைய வாலிபம் முழுவதும் தலைக்கு மேல் தொங்கியது. 2009-ல் டெல்லி ஐகோர்ட்டு விடுதலை கொடுத்தது. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைப் பறித்தது. வயது வந்த இருவர் மனம் ஒத்து வாழ்வது குற்றமல்ல என்று அதே கோர்ட்டு சொன்னது 2018 செப்டம்பர் 6-ந்தேதி. அதற்குள் அவருக்கு அறுபது தாண்டிவிட்டது!

இவர்களில் பலருக்கு வீட்டார் நெருக்கிக் கல்யாணம் செய்து வைத்தார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. (அந்த மனைவிமார் பட்ட பாடு தனிக் கதை.) மற்றவர்கள் "தங்கச்சி கல்யாணம் முடியட்டும்" என்று தட்டிக் கழித்தே காலத்தை ஓட்டினார்கள். ஊரார் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் மொய் எழுதியவர்கள். இவர்கள் வீட்டு விசேஷம் என்று ஒன்று வந்ததே இல்லை.

வயதான பிறகு இந்தத் தனிமை உடம்பையே தின்கிறது. உலகம் முழுவதும் தனிமையோடு தொடர்புடைய சாவு ஆண்டுக்கு 8 லட்சத்து 71 ஆயிரத்துக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் கணக்குச் சொன்னது. மாரடைப்பு, பக்கவாதம், மறதி எல்லாம் இதில் அடக்கம். மாத்திரை போட்டாயா என்று கேட்க ஒரு ஆள் வேண்டாமா?

உத்தரவு இருக்கிறது

இவர்கள் கல்யாணத்தைச் சட்டம் ஏற்காது என்று சுப்ரீம் கோர்ட்டு 2023 அக்டோபரில் கூறிவிட்டது. சரி. ஆனால் 2024-ல் மத்திய அரசு சில விஷயங்களைத் தெளிவாக்கியது. இருவரும் பாங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம். ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம். ரேஷன் கார்டுக்கு ஒரே குடும்பமாகக் கருத வேண்டும். நெருங்கிய உறவினர் இல்லாதபோது உடலைத் துணைவர் பெற்றுக் கொள்ளலாம். கல்யாணம் மட்டுமே குடும்பம் ஆகாது, தாங்களே தேர்ந்தெடுத்த குடும்பமும் உண்டு என்று 2025 மே மாதம் நம் சென்னை ஐகோர்ட்டே சொன்னது.

மேலே போட்ட உத்தரவு கவுண்ட்டருக்கு வந்து சேர்ந்ததா? கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் வாசகர்களே, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். "அப்படி எதுவும் எங்களுக்கு வரலைங்க" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை மேனேஜரைக் கேளுங்கள். வயதானவர், இன்னொரு நாள் வரத் தெம்பு இருக்காது.

உயில் எங்கே?

இந்தப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாமினி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கலாம். அதனால் வாரிசு ஆகிவிட முடியாது. உயில் இல்லாமல் ஒரு இந்து ஆண் இறந்தால், 1956-ம் வருஷச் சட்டப்படி தாய், மனைவி, மக்களுக்குச் சொத்து போகும். அவர்கள் இல்லாவிட்டால் தகப்பனார், அண்ணன் தம்பி, அக்காள் தங்கை என்று வரிசை நீளும். அந்த வரிசையில் துணைவருக்கு இடமே கிடையாது. காரியம் முடிந்த மறுநாளே வீட்டுப் பூட்டு மாறும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். இரண்டு சாட்சி கையெழுத்துப் போதும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது. பின்னால் வம்பு குறையும்.

இன்னொன்று. பிள்ளை இல்லாத முதியவர், தன் சொத்து எந்த உறவினருக்குப் போகுமோ அவரிடம் பராமரிப்புப் பணம் கேட்க 2007-ம் வருஷச் சட்டம் வழி செய்திருக்கிறது. "சொத்து வேணும், சித்தப்பா வேணாம்" என்று இருக்கும் அண்ணன் மகன்கள் கவனிக்கவும்!

நியூயார்க்கில் இப்படிப்பட்ட முதியவர்களுக்காக 1978-லேயே 'சேஜ்' என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் அது செய்த பெரிய வேலை, வீட்டோடு முடங்கியவர்களைப் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வருவதுதான்.

நம் தெருவில் அதற்குச் சங்கம்கூட வேண்டாம். மாடி வீட்டுப் பெரியவர் இரண்டு நாளாகப் பால் பாக்கெட்டை எடுக்கவில்லை என்பது முதலில் மளிகைக் கடைக்காரருக்குத்தான் தெரியும். போய்க் கதவைத் தட்டுங்கள். உள்ளே இருப்பவர் யாரை விரும்பினார் என்பது உங்கள் கணக்கு நோட்டில் வராத விஷயம்.

வீட்டுச் சொந்தக்காரர்களே, "பேச்சிலருக்கு வீடு இல்லை" என்ற போர்டை 68 வயதுக்காரருக்குமா காட்டுவீர்கள்? வாடகை முதல் தேதியில் வந்தால் போதாதா?